பேரீச்ச மரத்தடியில் ஒரு தலைவி

அரியணையில் அமர்ந்து ஆட்சி புரிந்த அரசிகளைப் பற்றி நாம் நிறையவே படித்திருக்கிறோம். எகிப்தின் கிளியோபாட்ரா, இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் போன்றோரின் பெயர்களை அறியாத மாணவர் இரார். அவர்களுக்கு அரண்மனை இருந்தது, படை இருந்தது, தந்தை வழியில் வந்த உரிமையும் இருந்தது. ஆனால், இவற்றுள் ஒன்றுமே இல்லாமல் ஒரு பெண் ஒரு மக்கள் கூட்டத்திற்கு வழிகாட்ட முடியுமா? வழக்குகளைத் தீர்த்து, படைத்தலைவனை அழைத்துக் கட்டளையிட்டு, போர்க்களத்திற்கும் உடன் செல்ல முடியுமா? முடியும் என்று கூறுகிறது மூவாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஒரு வரலாறு. அந்தப் பெண்ணின் பெயர் தெபோராள். அவரிடம் இருந்ததெல்லாம் மலைநாட்டில் ஒரு பேரீச்ச மரத்தின் நிழலும், மக்கள் அவர் சொல்லின்மீது வைத்திருந்த நம்பிக்கையுமே.

தெபோராள் யூதர்களின் வேதநூலில் இடம்பெறும் ஒரு தீர்க்கதரிசி, தலைவி. தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்ற என்னைப் போன்ற பலருக்கு இந்தப் பெயர் பாடநூல்களில் அறிமுகமாகியிருக்காது. வரலாற்றுப் பாடத்தில் மெசொப்பொத்தேமியாவையும் எகிப்தையும் படித்தோம். அவ்விரு பெரும் நாகரிகங்களுக்கும் இடையில் கிடந்த சிறிய மலைநாட்டை நாம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த மலைநாட்டில்தான் இந்தப் பெண்மணி வாழ்ந்தார். எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், தலைமைத்துவம் என்றால் என்ன என்று சிந்திக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது.

காலமும் களமும்

யூதர்களின் வேதநூல் சட்டம், தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என மூன்று பிரிவுகளைக் கொண்டது. இரண்டாம் பிரிவில் யோசுவா நூலை அடுத்து வருவது நியாயாதிபதிகள் நூல். அதன் 4-ஆம், 5-ஆம் அதிகாரங்களில்தான் தெபோராளின் வரலாறு அடங்கியுள்ளது. 4-ஆம் அதிகாரம் உரைநடை. 5-ஆம் அதிகாரம் பாடல். ஒரே நிகழ்ச்சி இரு வடிவங்களில் அருகருகே வைக்கப்பட்டிருப்பது இந்த வரலாற்றின் தனிச்சிறப்பு எனலாம்.

மோசேயும் யோசுவாவும் மறைந்தபின், சவுல் முதல் அரசனாக முடிசூடுவதற்கு முன், இஸ்ரவேலருக்கு அரசன் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அவர்கள் பல கோத்திரங்களாகப் பிரிந்து வாழ்ந்தனர். பொதுவான தலைநகரோ நிலையான படையோ அவர்களுக்கு இல்லை. ஆபத்து நேரும்போது அவர்களுள் ஒருவர் எழுந்து வழிநடத்துவார். அப்படி எழுந்தவர்களையே நியாயாதிபதிகள் என்று அந்நூல் அழைக்கிறது. ஓத்னியேல், ஏகூத், கிதியோன், யெப்தா, சிம்சோன் ஆகியோர் அவ்வரிசையில் வருகின்றனர். இவர்களெல்லாம் ஆண்கள். இவர்களுள் பலர் வாளாலும் தோள்வலிமையாலும் பெயர் பெற்றவர்கள். அந்த வரிசையில் தெபோராள் ஒருவரே பெண். மேலும், மக்கள் தங்கள் வழக்குகளைக் கொண்டு வந்து தீர்ப்புப் பெற்றனர் என்று அந்நூல் வெளிப்படையாகக் கூறுவதும் இவரைப் பற்றி மட்டுமே. நியாயாதிபதி என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளில் வாழ்ந்தவர் அந்த ஒரு பெண்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

இஸ்ரவேல் என்ற மக்கள் கூட்டம் அக்காலத்தில் கானான் நாட்டில் இருந்ததற்கு வேதநூலுக்கு வெளியிலும் சான்று உண்டு. எகிப்திய மன்னன் மெர்னெப்தா கி.மு. 1208-ஆம் ஆண்டளவில் தன் வெற்றிகளைப் பொறித்து நிறுத்திய கல்வெட்டில் அப்பெயர் காணப்படுகிறது. 1896-ஆம் ஆண்டு பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் அதனைத் தீப்ஸ் நகரில் கண்டெடுத்தார். தெபோராளைப் பற்றிய கல்வெட்டு ஏதும் கிடைத்ததில்லை. வேதநூலின் அந்த இரண்டு அதிகாரங்களே நமக்குள்ள சான்று. ஆயினும், அவர் வாழ்ந்ததாகக் கூறப்படும் உலகம் வெறும் கற்பனை உலகம் அன்று.

தேனீயும் தீப்பந்தமும்

தெபோராள் என்ற எபிரேயப் பெயருக்குத் தேனீ என்பது பொருள். தேனும் உண்டு, கொடுக்கும் உண்டு என்று பிற்கால உரையாசிரியர்கள் நயம் கூறுவதற்கு இப்பெயர் இடமளித்தது. அவரை அறிமுகப்படுத்தும்போது நூலாசிரியர் முதலில் அவரைத் தீர்க்கதரிசி என்கிறார். பிறகே லபிதோத்தின் மனைவி என்கிறார். லபிதோத் என்ற கணவரைப் பற்றி வேறு எந்தச் செய்தியும் அந்நூலில் இல்லை. அச்சொல்லுக்குத் தீப்பந்தங்கள் என்று பொருள். ஆகவே, அது ஒரு மனிதரின் பெயரே அன்று, தீப்பந்தம் போன்ற பெண் என்று தெபோராளைப் பாராட்டும் தொடர் என்று கருதும் அறிஞர்களும் உள்ளனர். யூத அறிஞர்களின் தல்மூத் நூலோ, அவர் வழிபாட்டுக் கூடாரத்தின் விளக்குகளுக்குத் திரி செய்து தந்தவர் என்று இப்பெயருக்கு விளக்கம் தருகிறது. எப்படிக் கொண்டாலும் நெருப்பும் ஒளியும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எப்பிராயீம் மலைநாட்டில், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் இடையே ஒரு பேரீச்ச மரம் நின்றது. தெபோராள் அதன்கீழ் அமர்ந்திருப்பார். எல்லைத் தகராறு, கடன், கால்நடை, குடும்பச் சச்சரவு என்று எல்லா மக்கள் கூட்டத்திலும் எழும் வழக்குகள் அங்கும் எழுந்திருக்கும். மலைப்பாதை ஏறி மக்கள் அவரிடம் வந்தனர். அந்த மரத்திற்கே தெபோராளின் பேரீச்சை என்ற பெயர் நிலைத்தது. அவர் ஏன் வீட்டிற்குள் அமராமல் வெட்டவெளியில் அமர்ந்தார் என்ற கேள்விக்கும் தல்மூத் விடை கூறுகிறது. ஒரு பெண் அந்நிய ஆடவரோடு மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது என்பதால், எல்லாரும் காணும் இடத்தைத் தேர்ந்தெடுத்தாராம். நீதி எல்லாருடைய கண்முன்னும் வழங்கப்பட வேண்டும் என்பதற்கும் அந்த மரத்தடி ஓர் எடுத்துக்காட்டு என்றால் அது மிகையாகாது.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவரை அந்தப் பதவியில் அமர்த்திய மன்னன் எவனும் இல்லை. தீர்ப்பை நிறைவேற்றக் காவலர்களும் இல்லை. வழக்கில் தோற்றவனும் அத்தீர்ப்பை ஏற்று வீடு திரும்பினான் என்றால், அவர் சொல் நேர்மையானது என்று அவன் நம்பியதே காரணமாக இருக்க வேண்டும்.

தொள்ளாயிரம் இரும்பு ரதங்கள்

அக்காலத்தில் வடக்கே ஆத்சோர் நகரிலிருந்து ஆண்ட யாபீன் என்ற கானானிய மன்னன் இஸ்ரவேலரை 20 ஆண்டுகள் ஒடுக்கி வந்தான். அவனுடைய படைத்தலைவன் சிசெரா. அவனிடம் 900 இரும்பு ரதங்கள் இருந்தன. சமவெளியில் வேகமாகப் பாய்ந்து வரும் ரதப்படைக்கு முன் காலாட்கள் நிற்க முடியாது. மேடு பள்ளங்களிலோ ரதத்தால் பயனில்லை. எனவே, இஸ்ரவேலர் மலைகளில் ஒடுங்கிக் கிடந்தனர். செழிப்பான பள்ளத்தாக்கும் அதன் வழியே செல்லும் வணிகப் பாதைகளும் ரதம் வைத்திருந்தவர்களின் கையில் இருந்தன.

அந்நாளைய அவலத்தைப் பாடல் பகுதி படம்பிடித்துக் காட்டுகிறது. பெருவழிகள் வெறிச்சோடின. பயணிகள் சுற்றுவழிகளில் ஒளிந்து ஒளிந்து சென்றனர். சிற்றூர் வாழ்க்கை நின்றுபோனது. நாற்பதாயிரம் பேரிடையே ஒரு கேடயமோ ஈட்டியோ கண்ணில் படவில்லை. ஆயுதமும் இல்லை, அதனினும் மேலாகத் துணிவும் இல்லை. தெபோராள் எழும்பும் வரைக்கும் இந்த நிலைமை நீடித்தது என்று அப்பாடல் கூறுகிறது. அவரை இஸ்ரவேலின் தாய் என்றும் அது அழைக்கிறது. அவருக்குப் பிள்ளைகள் இருந்தனர் என்ற குறிப்பு எங்கும் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தையே பிள்ளையாகக் கொண்டதால் பெற்ற பட்டம் அது.

பாராக்கின் நிபந்தனை

தெபோராள் நப்தலி நாட்டுக் கேதேசிலிருந்து பாராக் என்ற வீரரை வரவழைத்தார். பாராக் என்ற பெயருக்கு மின்னல் என்பது பொருள். நப்தலி, செபுலோன் கோத்திரங்களிலிருந்து 10,000 பேரைத் திரட்டிக்கொண்டு தாபோர் மலைக்குச் செல்லுமாறு இறைவன் கட்டளையிட்டிருப்பதாகவும், சிசெராவும் அவன் ரதங்களும் கீசோன் ஆற்றங்கரைக்கு இழுத்து வரப்பட்டு வீழ்த்தப்படுவர் என்றும் தெபோராள் அவரிடம் அறிவித்தார்.

பாராக் உடனே புறப்படவில்லை. தெபோராள் உடன் வந்தால் தான் செல்வதாகவும், வராவிட்டால் தான் செல்லப்போவதில்லை என்றும் கூறிவிட்டார். இதைக் கோழைத்தனம் என்பார் சிலர். தீர்க்கதரிசி களத்தில் நின்றால்தான் மக்கள் நம்பி வருவர் என்று அவர் எண்ணியிருக்கலாம் என்பார் வேறு சிலர். நான் இரண்டாவது கருத்தையே ஏற்கிறேன். ஆயுதமற்ற ஒரு கூட்டத்தைத் தொள்ளாயிரம் ரதங்களுக்கு எதிரே நிறுத்த வேண்டுமானால், அவர்கள் மதிக்கும் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். தன்னைவிட மக்கள் மதிப்பைப் பெற்றவர் ஒரு பெண் என்பதை ஒப்புக்கொள்ளப் பாராக் தயங்கவில்லை.

தெபோராள் உடன் வர இசைந்தார். ஆனால், அந்தப் பயணத்தின் புகழ் பாராக்குக்குக் கிட்டாது என்றும், சிசெரா ஒரு பெண்ணின் கையில் ஒப்படைக்கப்படுவான் என்றும் முன்கூட்டியே எச்சரித்தார். கதையைக் கேட்பவர்கள் அந்தப் பெண் தெபோராளே என்று எண்ணுவர். அவர் அல்லர் என்பது பின்னரே தெரிய வரும்.

தாபோரும் கீசோனும்

தாபோர் மலை 600 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமுடையது. ஆனால், சமவெளியின் ஓரத்தில் தனித்து எழுந்து நிற்பதால் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். ரதங்கள் ஏற முடியாத அந்தச் சரிவு ஆயுதமற்றவர்கள் ஒன்றுகூட ஏற்ற இடம். அடிவாரத்திலிருந்து தென்மேற்கே விரியும் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கின் வழியே கீசோன் ஆறு ஓடி, இன்றைய ஹைபா நகருக்கருகில் மத்திய தரைக்கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அது சிற்றோடைதான். மழை கொட்டினாலோ கரை புரண்டு, சுற்றியுள்ள தாழ்நிலத்தைச் சேறாக்கிவிடும்.

பாராக் தாபோருக்குச் சென்ற செய்தி எட்டியதும் சிசெரா தன் ரதங்கள் அனைத்தையும் கீசோன் கரையில் குவித்தான். தாக்குவதற்குரிய நாள் அதுவே என்று முடிவு செய்து அறிவித்தவர் தெபோராள். பத்தாயிரம் பேர் மலையிலிருந்து இறங்கினர். விண்மீன்கள் தம் பாதைகளில் நின்று சிசெராவுக்கு எதிராகப் போரிட்டதாகவும், கீசோன் வெள்ளம் பகைவரை அடித்துச் சென்றதாகவும் பாடல் கூறுகிறது. பெருமழை பெய்து ரதச் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன என்பதே இதன் பொருள் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இருபது ஆண்டுகள் அச்சுறுத்திய இரும்பு, ஒரு நாள் மழையில் சுமையாகிப் போனது. படைத்தலைவனே தன் ரதத்தை விட்டிறங்கிக் கால்நடையாக ஓடினான்.

கூடாரத்தில் நிகழ்ந்தது

ஓடிய சிசெரா, கேனியனாகிய ஏபேரின் கூடாரத்தை அடைந்தான். ஏபேர் மோசேயின் மனைவி வழி உறவினர் மரபில் வந்தவன். ஆனால் யாபீனோடு சமாதானமாக இருந்தவன். அவனுடைய மனைவி யாகேல் வெளியே வந்து சிசெராவை அழைத்தாள், அஞ்ச வேண்டாம் என்றாள், போர்வையால் மூடினாள். தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுத்தாள். யாரேனும் வந்து கேட்டால் உள்ளே ஒருவரும் இல்லை என்று கூறும்படி சொல்லிவிட்டு அவன் அயர்ந்து உறங்கினான். யாகேல் கூடார முளையையும் சுத்தியலையும் எடுத்து வந்து, அவன் நெற்றிப்பொட்டில் முளையை அடித்து இறக்கினாள். துரத்தி வந்த பாராக் கண்டது தான் வெல்ல எண்ணியிருந்தவனின் பிணத்தை. தெபோராளின் எச்சரிக்கை பலித்தது.

இந்தப் பகுதியை எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை. பாடல் யாகேலைப் பெண்களுள் பேறு பெற்றவள் என்று போற்றுகிறது. அதே வேளையில், கூடாரத்தில் அடைக்கலம் புகுந்தவனைக் காப்பது பாலைநில மக்களின் பெரும் அறம். யாகேல் அதனை மீறினாள். அவள் செய்தது வீரமா, நம்பிக்கைத் துரோகமா என்று பல நூற்றாண்டுகளாக அறிஞர்கள் விவாதித்து வருகின்றனர். தோற்ற படையின் தலைவன் ஒரு பெண் தனித்திருக்கும் கூடாரத்திற்குள் நுழைந்தால் அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது என்று கேட்பவர்களும் உள்ளனர். 1620-ஆம் ஆண்டில் இத்தாலிய ஓவியர் ஆர்த்தெமிசியா ஜென்டிலெஸ்கி இக்காட்சியைத் தீட்டினார். சுத்தியலை ஓங்கிய நிலையில் அவர் வரைந்த யாகேலின் முகத்தில் வெறி இல்லை. ஒரு வேலையைச் செய்து முடிக்கும் அமைதியே இருக்கிறது.

வந்தவரும் வராதவரும்

வெற்றிக்குப் பின் தெபோராளும் பாராக்கும் பாடியதாக வரும் பாடலை, எபிரேய வேதநூலின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று என அறிஞர் பலர் மதிப்பிடுகின்றனர். கி.மு. 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது அவர்களுள் பலரின் கணிப்பு. மிகப் பிற்பட்டது என்று மறுப்போரும் உண்டு. மொழி மாணவர்களாகிய நமக்கு இங்கே ஒரு சுவையான செய்தி காத்திருக்கிறது. எபிரேய மொழியிலும் தமிழைப் போலவே வினைமுற்று பால் காட்டும். அப்பாடலின் தொடக்கத்தில் எழுவாயாக இருவர் பெயர்களும் வருகின்றன. வினையோ பெண்பால் ஒருமை. பாடியது யார் என்பதை இலக்கணமே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அப்பாடலின் நடுப்பகுதி ஒரு வருகைப் பதிவேடு போன்றது. எப்பிராயீம், பென்யமீன், மாகீர், செபுலோன், இசக்கார், நப்தலி ஆகியோர் வந்தனர். செபுலோன் உயிரையும் பொருட்படுத்தவில்லை என்று தனியே பாராட்டப்படுகிறது. அடுத்து வராதவர்களின் பெயர்கள். ரூபன் கோத்திரத்தார் ஆழ்ந்து யோசித்தனர், விவாதித்தனர், இறுதியில் ஆட்டுத் தொழுவங்களுக்கு நடுவிலேயே இருந்துவிட்டனர். கீலேயாத் யோர்தானுக்கு அப்பால் தங்கியது. தாண் தன் கப்பல்களோடும், ஆசேர் தன் கடற்கரையோடும் இருந்துகொண்டன. மேரோஸ் என்ற ஊர் உதவிக்கு வராததால் சபிக்கப்பட்டது. போரில் தோற்றவர்களை விட, வராமல் இருந்தவர்கள்மீதே தெபோராளின் சினம் கடுமையாக இருக்கிறது. இயக்கம் நடத்திய எவருக்கும் இந்தச் சினம் புரியும்.

பாடல் வெற்றி முழக்கத்தோடு முடிந்திருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். ஆனால், இறுதியில் காட்சி திடீரென்று பகைவன் வீட்டிற்கு மாறுகிறது. சிசெராவின் தாய் பலகணி வழியே எட்டிப் பார்க்கிறாள். மகனின் ரதம் வர ஏன் தாமதம் என்று ஏங்குகிறாள். கொள்ளைப் பொருளைப் பங்கிடுகிறார்கள் போலும் என்று தோழியர் தேற்றுகின்றனர். ஒவ்வொரு வீரனுக்கும் ஓரிரு பெண்கள், சிசெராவுக்குச் சாயம் தோய்த்த ஆடைகள் என்று அவர்கள் கணக்கிடுகின்றனர். அவன் இறந்து கிடப்பது நமக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. அந்தத் தாய்க்காக நெஞ்சம் இளகுகிறது. அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தது பிறர் வீட்டுப் பெண்களைக் கொள்ளைப் பொருளாக என்று எண்ணும்போது அதே நெஞ்சம் இறுகுகிறது. தோற்றிருந்தால் மலைநாட்டுப் பெண்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைத் தெபோராள் நன்கு அறிந்திருந்தார். போரின் விலையைப் பெண்கள் கொடுக்கிறார்கள் என்பதை ஒரு பெண்ணின் பாடல் பகைவர் வீட்டுப் பெண்ணைக் கொண்டே சொல்லிவிடுகிறது.

அதன்பின் நாடு 40 ஆண்டுகள் அமைதியாக இருந்தது என்ற ஒரே வரியோடு வரலாறு முடிகிறது. தெபோராள் எப்போது இறந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்ற செய்தி அதில் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டளவில் எழுந்த ஒரு யூத நூல், அவர் மறைந்தபோது மக்கள் 70 நாள்கள் துக்கம் கொண்டாடினர் என்று கதையை விரித்துரைக்கிறது. முன்னோரின் புண்ணியத்தை நம்பியிராமல், உயிரோடு இருக்கும்போதே நேர்வழியில் நடக்க வேண்டும் என்று அவர் இறுதியாக அறிவுறுத்தினார் என்றும் அந்நூல் கூறுகிறது.

ஆய்வாளர் பார்வையில்

உரைநடையும் பாடலும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. உரைநடையில் இரண்டு கோத்திரங்கள், பாடலில் ஆறு. உரைநடையில் யாபீன் மன்னன் வருகிறான். பாடலில் அவன் பெயரே இல்லை. யோசுவா நூலிலும் ஆத்சோர் மன்னன் யாபீன் ஒருவன் வருகிறான். அவன் கொல்லப்பட்டு நகரம் எரிக்கப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. அப்படியானால் தெபோராள் காலத்து யாபீன் யார் என்ற கேள்வி எழுகிறது. கலிலேயாக் கடலுக்கு வடக்கே உள்ள ஆத்சோரில் யிகாயேல் யாதின் 1955-ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கினார். அந்நகரம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் பெருந்தீயில் அழிந்தது என்பது அங்கே தெரிய வந்தது. அழித்தவர் யார் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவ்விடத்தை மெகிதோ, பெயெர்செபா ஆகியவற்றுடன் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

இந்த முரண்பாடுகளால் தெபோராளின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆண்களே எழுதி, ஆண்களே படியெடுத்துப் பாதுகாத்த ஒரு தொன்னூலில், ஒரு பெண்ணின் தலைமை எந்தச் சமாதானமும் சொல்லப்படாமல் இயல்பாகக் கூறப்பட்டிருக்கிறது. பெண்ணாக இருந்தும் ஆண்டார் என்று நூலாசிரியர் வியக்கவில்லை. வியப்பும் ஐயமும் பின்னால் வந்தவர்களுக்கே ஏற்பட்டன.

பெயர் எங்கே போனது?

அந்த இரண்டு அதிகாரங்களுக்கு வெளியே எபிரேய வேதநூலில் இந்தத் தெபோராளின் பெயர் மீண்டும் ஒருமுறைகூட வருவதில்லை. சங்கீத நூல் கீசோன் கரையில் வீழ்ந்த சிசெராவையும் யாபீனையும் நினைவுகூர்கிறது, வீழ்த்தியவரைக் கூறவில்லை. கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம், நம்பிக்கையால் வென்றவர்களைப் பட்டியலிடுகிறது. அதில் கிதியோன் இருக்கிறார், பாராக் இருக்கிறார், சிம்சோனும் யெப்தாவும் இருக்கின்றனர். தெபோராள் இல்லை. உடன் வந்தால்தான் செல்வேன் என்றவரின் பெயர் நிலைத்தது. உடன் சென்றவரின் பெயர் விடுபட்டது.

தல்மூத் அவரை ஏழு பெண் தீர்க்கதரிசிகளுள் ஒருவராகப் போற்றுகிறது. ஆனால் அதே நூலில், அவர் தற்பெருமை கொண்டார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. தம்மைத் தாமே இஸ்ரவேலின் தாய் என்று சொல்லிக்கொண்டதால் தீர்க்கதரிசன வரம் அவரை விட்டு நீங்கியது என்று அங்கே ஒரு கருத்துக் காணப்படுகிறது. இங்கேயும் இலக்கணம் குறுக்கிடுகிறது. பாடலில் வரும் அந்த வினைமுற்றை நான் எழும்பினேன் என்று தன்மையாகவும் கொள்ளலாம். நீ எழும்பினாய் என்று பழைய பெண்பால் முன்னிலை வடிவமாகவும் கொள்ளலாம் என்கின்றனர் இன்றைய மொழியறிஞர்கள். இரண்டாவது சரியென்றால், மக்கள் அவரைப் பாராட்டிப் பாடிய சொல்லே அவர்மீது குற்றமாகச் சுமத்தப்பட்டிருக்கிறது.

ஒரு பெண் நீதிபதியாக இருக்கலாமா என்று இடைக்கால யூத அறிஞர்கள் விவாதித்தபோதும் தெபோராளே முன்னால் வந்து நின்றார். அவர் தீர்ப்பு வழங்கவில்லை, சட்டத்தைக் கற்பிக்க மட்டுமே செய்தார் என்றனர் சிலர். மக்கள் தாங்களே விரும்பி ஏற்றுக்கொண்டதால் அவர் தீர்ப்பு வழங்க முடிந்தது என்றனர் வேறு சிலர். அவரை விலக்க முயன்றவர்களும் அவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

யூதத் தொழுகைக் கூடங்களில், மோசேயின் கடற்கரைப் பாடல் வாசிக்கப்படும் ஓய்வுநாளில் தெபோராளின் பாடலும் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகிறது. 1733-ஆம் ஆண்டில் லண்டனில் இசைமேதை ஹேண்டல் தெபோராளின் பெயரிலேயே ஓர் இசைநாடகத்தை அரங்கேற்றினார். தமிழுக்கும் இவ்வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத் நூல் வரையில் தமிழாக்கம் செய்து 1719-இல் மறைந்தார். ரூத்துக்கு முந்தியது நியாயாதிபதிகள் நூல். ஆகவே, அவர் இறுதியாகத் தமிழாக்கிய பகுதிகளில் தெபோராளின் பாடலும் அடங்கும்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

நண்பர்களே, இன்று நம் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் பெண்களே மிகுதியாக அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். இயக்கங்களிலும் இரவு பகலாக உழைப்போரில் அவர்களே பெரும்பாலோர். ஆனாலும், தலைவர் பதவிக்கு வேட்பாளரைத் தேடும்போது நம் கண்கள் தாமாகவே ஆண்கள் பக்கம் திரும்புகின்றன. பெண்களுக்குச் செயலாளர் பதவியும் உணவுக்குழுவும் ஒதுக்கப்படுகின்றன. நிகழ்ச்சி முடிந்து நன்றியுரை வாசிக்கும்போது, உடன் சென்றவரின் பெயர் விடுபட்டுப் போவதும் புதிதல்ல. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டியலில் நேர்ந்தது நம் ஆண்டறிக்கையிலும் நேரக்கூடும்.

தெபோராள் பதவியைத் தேடிப் போகவில்லை. மரத்தடியில் அமர்ந்து ஒவ்வொரு வழக்காகக் கேட்டார். சிறு வழக்குகளில் சம்பாதித்த நம்பிக்கையே பெரும் போரில் பத்தாயிரம் பேரைத் தாபோர் மலைக்கு ஏற்றியது. உரிய ஆளிடம் உரிய வேலையை ஒப்படைத்தார். உடன் வரச் சொன்னபோது மறுக்காமல் ஆபத்தின் நடுவே சென்று நின்றார். வெற்றி கிட்டியதும் வந்தவர்களைப் பெயர் சொல்லிப் போற்றினார். வராதவர்களையும் பெயர் சொல்லிக் கேட்டார். வேற்று இனத்துப் பெண்ணான யாகேலுக்கு உரிய புகழைத் தயங்காமல் வழங்கினார். பிறர் பெயரை மறவாமல் பாடிய அவரது பெயரைப் பிறர் மறந்தனர்.

அடுத்த முறை நம்மிடையே ஒரு பொதுப்பணி முன்வரும்போது, செபுலோனைப் போல் இறங்கி வரப் போகிறோமா, ரூபனைப் போல் யோசித்துக்கொண்டே தொழுவத்தில் இருக்கப் போகிறோமா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். வந்தவர்களின் பெயர்களை எழுதும்போது ஒரு பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமையே.